தூய்மைக்குச் சான்று யார்?

கலவைகளைப் பிரித்து அளக்கும் வாயு குரோமட்டோகிராஃப் கருவிக்குச் செல்லும் ஹீலியம் சிலிண்டரில் 99.999 விழுக்காடு தூய்மை என்று எழுதியிருக்கும். பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் கலப்பு இராது என்று பொருள். சொற்பமாகத் தோன்றும் இந்த அளவு, சாதாரண அழுத்தத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் 2 கோடி கோடிக்கும் மேற்பட்ட அந்நிய மூலக்கூறுகளுக்கு இடம் தருகிறது. அவற்றுள் ஆக்ஸிஜனும் ஈரமும் சூடேறிய பிரிப்புக் குழாயின் உட்பூச்சைச் சிதைக்கும். கருவி வரையும் பதிவின் அடிக்கோடு உயர்ந்து, பொருள்களைக் காட்டும் சிறிய பீக்குகள் அதில் மூழ்கிவிடும். அதனால்தான் வழியில் வடிகட்டிகளை வைத்து, அவை நிறையுமுன் மாற்றி, இணைப்புகளில் கசிவு பார்க்கிறார்கள். ஆனால் சிலிண்டரின் தூய்மையைச் சோதிப்பதும் பெரும்பாலும் இன்னொரு குரோமட்டோகிராஃப்தான். அதில் ஓடும் வாயுவுக்குச் சான்று யார்?

பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனர் எழுப்பிய கேள்வி இது. பொருள்களைப் பிரமாணங்கள், அதாவது அறிவைத் தரும் வழிகள், நிறுவுகின்றன என்றால், பிரமாணங்களை நிறுவுவது எது? இன்னொரு பிரமாணம் என்றால் தொடருக்கு முடிவில்லை. தாமே நிறுவிக்கொள்கின்றன என்றால் அவற்றுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை? நியாயத் தத்துவ மரபு தராசைக் காட்டி விடை சொன்னது: பொன்னை நிறுக்கும் தராசையே எடை தெரிந்த பொன்னால் சோதிக்கலாம். ஆய்வகம் அன்றாடம் செய்வதும் இதையே. மாதிரி எதுவும் செலுத்தாமல் ஓட்டும்போது எழும் பீக், கருவியின் சொந்த அழுக்கைக் காட்டிக்கொடுக்கிறது. செறிவு தெரிந்த கலவையைச் செலுத்தினால் கருவியின் பிறழ்வு தெரிகிறது.

அந்தச் செறிவு எப்படித் தெரிந்தது என்று எதிர்வாதி விடமாட்டார். வாயுக்களை எடைபோட்டுக் கலந்ததால் தெரிந்தது. கலக்கும் வாயுக்களின் தூய்மையையும் யாரோ பகுத்தறிந்திருக்க வேண்டுமே என்றால், அதுவும் சரிதான். வட்டம் உடையவில்லை, அகன்றிருக்கிறது. ஆயினும் தராசு பிழைபடும் விதம் வேறு, குரோமட்டோகிராஃப் பிழைபடும் விதம் வேறு. இரண்டும் மீண்டும் மீண்டும் ஒரே எண்ணுக்குத் தற்செயலாக வந்து சேர்வது அரிது. இரண்டுக்கும் பொதுவான பிழை ஒளிந்திருக்கலாம் என்ற ஐயத்துக்கும் இடம் உண்டு. நல்ல சான்றிதழ் தன் எண்ணோடு ஐயப்பாட்டின் அளவையும் அச்சிடுவது, அறிவுக்கு எல்லை உண்டு என்று ஒப்புக்கொள்வதே. ஆதாரமே வேண்டாத ஆதாரம் ஒன்று தம்மிடம் இருப்பதாகச் சொல்பவரை நாகார்ஜுனரின் கேள்வி வீழ்த்தும். ஆய்வகத்துக்கு அப்படியொன்று தேவைப்படுவதில்லை. வடிகட்டி நிறைந்துவிட்டால் நேற்றைய சான்று இன்று செல்லாது. பராமரிக்கப்படும் வரைதான் பிரமாணம் பிரமாணம்.