ஃபோர்க்கை மட்டும் மாற்றினால்

இலஞ்சியிலிருந்து குற்றாலத்துக்கு மிதிக்கும்போது, பள்ளம் வந்தால் என் பழைய மலைச் சைக்கிளின் முன் ஃபோர்க் அடிவரை அமுங்கி ‘டொக்’கென்று இடிக்கும். 26 அங்குலச் சக்கரம். அமுங்குவது 80 மில்லிமீட்டர்தான். 120 போட ஆசை. மெக்கானிக் அண்ணாச்சி சொன்னார்: “போடலாம் தம்பி. முன்னாடி தூக்கிக்கிடும்லா. அந்த இழுப்பெல்லாம் ஃபிரேம் கழுத்துலல்லா விழும்? அது என்ன பாவம் பண்ணுச்சு?”

இப்போது வரும் பல ஃபோர்க்குகளின் தண்டு அடியில் பருத்தது, இதன் ஒன்றே அரைக்கால் அங்குலக் கழுத்தில் நுழையாது என்பது வேறு கதை. நுழைவதாகவே வைத்துக்கொள்வோம். 20 மில்லிமீட்டர் உயர்ந்தால் தலைக்குழாய் ஏறத்தாழ ஒரு பாகை சாயும், நெம்புகோல் நீளும். என் மணிக்கட்டு தப்பிக்கும். வெல்டிங் வாங்கிக்கொள்ளும். அதற்கு முனகத் தெரியாது, உடையத்தான் தெரியும். முனகாத இடத்துக்கு வலியைத் தள்ளிவிட்டு அதற்கு மேம்பாடு என்று பெயர் வைக்கிறேனோ? வெளிச்சம் வேண்டும் என்று என் அறையை மாடிக்கு மாற்றிக்கொண்டபோது, காபி தம்ளரோடு படியேறிய அம்மாவின் முழங்காலையும் நான் இப்படித்தான் கணக்கில் எடுக்கவில்லை. அவளும் எதுவும் சொன்னதில்லை.

கடைசியில் அண்ணாச்சி உள்ளே ஸ்பிரிங்கை மட்டும் கெட்டியானதாகப் போட்டு, கிரீஸ் வைத்துத் தந்தார். ‘டொக்’ குறைந்திருக்கிறது. போகவில்லை.