பெயரும் பெயருக்குரியோரும்

ஒருவர் தம்மை இன்னாரென்று கூறிக்கொள்ளும்போது, "அவ்வாறு கூறுதல் தகாது, இவ்வாறே கூறுக" என்று திருத்தும் உரிமை மற்றொருவருக்கு உண்டா? திருத்துபவர் பகைவராயின் விடை எளிது. அவரும் அதே இழிவைச் சுமந்தவராக, அதே தெருவில் அதே கல்லெறி பட்டவராக இருந்துவிட்டால் விடை எளிதன்று. பால்நிலையாலும் காதலாலும் பெரும்பான்மையோரின் வேறுபட்டு வாழும் தமிழ் மக்களிடையே இக்கேள்வி ஏறத்தாழக் கால் நூற்றாண்டாக எழுந்தவண்ணம் இருக்கின்றது. அஃது அவர்களுடைய வீட்டுச் சச்சரவு, நமக்கென்ன என்று ஒதுங்குதல் முற்போக்காளருக்கு அழகன்று. பிறர் வாயிலுள்ள சொல்லைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியர்களாகிய நமக்கோ இஃது இன்னும் நெருங்கிய கேள்வி.

சொற்களின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 'அலி', 'பேடி' என்பன நூல்களில் வழங்கிய சொற்கள். தெருவில் அவை வசவாயின. 'ஒன்பது' என்னும் வெறும் எண்கூட ஏச்சாகி, தமிழ்நாட்டுத் திரைப்படங்களின் வழியே கடல் கடந்து நம் பாடசாலை மைதானங்களுக்கும் வந்து சேர்ந்தது. இவற்றுக்கு மாற்றாகவே சென்ற நூற்றாண்டின் இறுதியில் 'அரவாணி' என்னும் பெயர் தமிழ்நாட்டிற் பரவிற்று. கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரைத் திங்களில் அரவானுக்கு மனைவியராகத் தாலி கட்டி, மறுநாள் அதனை அறுத்து அழும் விழாவிலிருந்து பிறந்த பெயர் அது. இழிசொற்களையே கேட்டுப் பழகிய செவிக்கு அது பெரும் ஆறுதலாயிருந்தது. 2008இல் தமிழ்நாட்டு அரசு அமைத்த நலவாரியமும் முதலில் அரவாணிகளின் பெயராலேயே அமைந்தது.

ஆயினும் அப்பெயருக்கு அவர்களுக்குள்ளேயே மறுப்பு எழுந்தது. ஓரிரவு மணமகளாயிருந்து மறுநாட் கைம்பெண்ணாகும் கதையை வாழ்நாள் முழுதும் ஏன் சுமக்கவேண்டும்? இசுலாமியராகவோ கிறித்தவராகவோ பிறந்த ஒருவருக்குப் பாரதக் கதையிலே என்ன பங்கு? இவை நியாயமான கேள்விகள். 'திருநங்கை' என்னும் பெயர் முன்னுக்கு வந்தது. பெண்ணாகப் பதியப்பட்டு ஆணாக வாழ்வோரை அது தழுவவில்லை. ஆகவே 'திருநம்பி' வந்தது. இருவரையும் அடக்கத் 'திருநர்' வந்தது. பெற்றோருக்கும் பொலிஸாருக்கும் அஞ்சி அடைக்கலம் நாடிய இரு பெண்களின் வழக்கிற் சென்னை உயர் நீதிமன்றத்து நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 யூன் 7ஆம் திகதி வழங்கிய தீர்ப்பின் தொடர்ச்சியாக, 2022இல் தமிழ்நாட்டு அரசு ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. 'பால்புதுமையர்' போன்ற ஆக்கங்கள் அவ்வாறு அரச வழக்கும் பெற்றன. 'திரு' என்னும் அடையே தம்மைப் பிறரினின்று பிரித்து நிறுத்துகின்றது, வெறுமனே 'பெண்' என்றாற் போதாதா என்று கேட்பாரும் உளர்.

இவ்வளவும் உயிருள்ள மொழியின் அசைவு. இதில் நாம் குறைகாண்பதற்கில்லை. குறை எங்கே புகுகின்றதெனில், புதிய சொல் வந்தவுடன் பழைய சொல்லைத் தம் பெயராகக் கொண்டிருப்பவர் குற்றவாளியாக்கப்படும் இடத்திலே புகுகின்றது. 'அரவாணி' என்று தலைநிமிர்ந்து சொல்லக் கற்றுக்கொண்ட முதியவர் ஒருவர், பத்தே ஆண்டுகளின் பின்னர் அதே சொல்லுக்காகத் தம்மினும் இளையோராற் கண்டிக்கப்படுகின்றார். அவருடைய மானத்தைக் காத்த சொல்லே அவருடைய அறியாமைக்குச் சான்றாகிவிடுகின்றது! புதிய சொல் எங்கே பிறக்கின்றது? சென்னையிலும் கொழும்பிலும் நடைபெறும் பயிற்சிப் பட்டறைகளில். ஆங்கிலம் அறிந்தோரின் உரையாடல்களில். அது கிராமத்துக்கு வந்து சேருமுன்னரே பட்டறையில் அடுத்த சொல் ஆயத்தமாகிவிடுகின்றது. சொல்லிற் பிந்தியவர் பெரும்பாலும் கல்வியிலும் பணத்திலும் பிந்தியவரே என்பதை நாம் மறத்தல் கூடாது.

பெயருக்கு இரு வேலைகள் உண்டு. அரசுக்கு மனு எழுதவும் சட்டத்தைத் திருத்தவும் பலரும் கூடிக் கையொப்பமிடவும் ஒரு பொதுப்பெயர் வேண்டும். அதனை விவாதித்துத் தெரிவு செய்வதும் வேண்டுமாயின் மாற்றுவதும் கூட்டத்தின் உரிமை. ஒருவர் தம்மைத் தாம் அறிந்துகொள்ளும் பெயர் வேறு. அங்கே கூட்டத்துக்கு வாக்கு இல்லை. முதலாவதற்குரிய அதிகாரத்தை இரண்டாவதன்மீது செலுத்துவதே நாம் மறுக்கும் காரியம்.

இத்தகைய காவலுக்கு வெறும் சொல்லாசை மாத்திரம் காரணமன்று. அதற்குப் பொருளாதார வேர் உண்டு. எச்.ஐ.வி. தடுப்பு வேலைக்கென இந்தியாவுக்குள் நிதி வந்த காலத்தில், யார் எந்த வகையினர் என்ற வகுப்பே யாருக்கு எந்தத் திட்டம் என்பதைத் தீர்மானிக்கத் தலைப்பட்டது. 'கோத்தி' என்னும் பெயரைச் சுற்றி எழுந்த பூசலை அமெரிக்க மானிடவியலாளர் லோறன்ஸ் கோஹன் 2005இல் வெளிவந்த கட்டுரையொன்றிற் போர் என்றே குறித்தார். சான்றிதழ்களின் கதையும் இத்தகையதே. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15ஆம் திகதி, தம் பால்நிலையைத் தாமே கூறுவது ஒருவரின் உரிமை, அறுவைச் சிகிச்சையை அதற்கு நிபந்தனையாக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டமோ, மாவட்ட ஆட்சியரிடம் சென்று சான்றிதழ் பெறுக என்றது. ஆண் அல்லது பெண் என்று பதியவேண்டின் சிகிச்சைக்கு ஆதாரமும் கேட்டது. வாயிலிலே அரசு காவலனை நிறுத்தியதும் உள்ளிருப்போரும் ஒருவரையொருவர் சோதிக்கத் தொடங்குதல் வியப்பன்று. அறுவை செய்தவர், செய்யாதவர் என்னும் மேல் கீழ் அவர்களின் மரபுக் குடும்பங்களில் முன்னரே இருந்தது. சான்றிதழ் அதற்கு முத்திரை குத்திற்று.

நம் நாட்டு நிலை வேறு. இங்கே 'நாச்சி' என்னும் பெயரால் தம்மை அழைத்துக்கொள்ளும் மக்கள் சிங்களம் வழங்கும் நகர்ப்புறங்களில் வாழ்கின்றனர். ஆணுடலோடு பிறந்து பெண்மையை விரும்பி நடையிலும் உடையிலும் கொண்டவர்கள். தம்மைத் திருநங்கையர் என்று கொள்வோரும் அவர்களுள் உளர்; இல்லை, நாம் நாச்சிகளே என்பாரும் உளர். 2016இற் சுகாதார அமைச்சு சுற்றறிக்கையொன்றின் மூலம் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழை ஏற்படுத்தியது. மனநல வைத்தியரின் உறுதிப்பாட்டோடு பிறப்புப் பதிவை மாற்ற அது வழிசெய்கின்றது. பலருக்கு அது வாழ்வளித்தது என்பதிற் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்வோருக்கே அந்தத் தோணி. ஆற்றிலேயே வாழ விரும்பும் நாச்சிக்கு அதில் இடமில்லை. "நீ இன்னும் தெளிவடையவில்லை" என்று அவரிடம் கூறுபவர் வைத்தியர் மாத்திரமல்லர். சிலபோது அவருடைய தோழரும் அதனையே கூறுகின்றார். தெருவிலே பொலிஸார் கையிலிருப்பதோ 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். அதற்கு இந்த நுண்ணிய வேறுபாடு ஒன்றும் தெரியாது. தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மே மாதத்தில் இந்நாட்டு உயர் நீதிமன்றம் கண்டது. 2024இற் கலைக்கப்பட்ட பாராளுமன்றம் அதனை நிறைவேற்றாமலே கலைந்தது.

அப்படியாயின் எந்தச் சொல்லையும் எவரும் வழங்கலாமா என்று கேட்கப்படும். இல்லை. ஒருவர் தம்மைக் குறித்து வழங்கும் சொல்லைப் பிறர் எடுத்தாளும் உரிமை அதனாற் கிட்டிவிடாது. வன்னியில் வாழும் நமக்கு இஃது அந்நியமான செய்தியன்று. 1977இலும் 1983இலும் வன்செயல்களால் விரட்டப்பட்டு இங்கே குடியேறிய மலையக மக்களை நம்மவர் அழைத்த பெயர்கள் சில. அவற்றை இங்கே எழுத நாம் விரும்பவில்லை. அரச ஏடுகள் 'இந்தியத் தமிழர்' என்றன. அவர்களோ போராடி 'மலையகத் தமிழர்' என்னும் பெயரை நிலைநாட்டினர். அது வென்றெடுத்த பெயர். நாம் அதனையே வழங்கவேண்டும். எனினும் கிளிநொச்சியிற் பிறந்து வளர்ந்த ஒரு பேத்தி, "நான் வன்னிப்பிள்ளை" என்று கூறுவாளாயின் அவளைத் துரோகி என்பதா? பாட்டி வென்ற பெயர் பேத்திக்கு விலங்காக வேண்டியதில்லை.

சொல்லொன்று நெடுங்காலம் ஒரே பக்கத்தில் நிற்பதுமில்லை. ஐரோப்பாவில் தன்பாலீர்ப்பைக் குறிக்கும் சொல்லை 1869இற் கார்ல் மரியா கெர்ட்பெனி என்பவர் அச்சேற்றியது, பிரஷ்யாவின் கொடுஞ்சட்டத்தை எதிர்ப்பதற்காக. வைத்தியர்கள் அதே சொல்லை நோயின் பெயராக்கினர். 1973இலேதான் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் அந்நோயைத் தன் பட்டியலினின்று நீக்கியது. மாறாக, 'குயர்' என்னும் பழைய ஆங்கில வசவை 1990இல் நியூயோர்க் இளைஞர்கள் தம் கொடியில் எழுதினர். அச்சொல்லாலே அடிபட்ட முதியோர் பலருக்கு அஃது இன்றும் கசக்கின்றது. அக்கசப்பும் மதிக்கத்தக்கதே.

தமிழ் இலக்கணம் கற்பிப்போருக்கு மற்றொரு வியப்பு உண்டு. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இத்தகையோரை உயர்திணையில் வைத்து, இவர்களுக்கெனத் தனி விகுதி இல்லை என்கிறார். தெய்வப் பெயர்களுக்கும் அதே விதியையே கூறுகிறார். பவணந்தியார் ஒருபடி மேலே செல்கிறார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் என்பது நன்னூலின் கருத்து. உடலையன்று, அவாவையே அவர் அளவுகோலாகக் கொண்டார்! அஃறிணை போலவும் கூறலாம் என்று அடுத்தாற்போல் அவர் தந்த இடத்தை மாத்திரம் நாம் ஏற்பதற்கில்லை.

பலர்பால் விகுதியே மரியாதை விகுதியாகவும் இருத்தலின், ஏட்டுத் தமிழில் 'அவர் வந்தார்' என்றால் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழுவதில்லை. மல்லாவியிற் பேசும் தமிழில் அந்த வசதி இல்லை. இங்கே 'அவர் வந்தவர்' என்றால் ஆண். 'அவ வந்தவ' என்றால் பெண். மரியாதையைக் கைவிடாமலே பாலைச் சொல்லிவிடுகின்ற வழக்கு நம்முடையது. ஆகவே 'அண்ணை' என்பதா 'அக்கா' என்பதா என்று ஐயுறும் மாணவனுக்கு அரசிதழ்ப் பட்டியலும் உதவாது, நன்னூலும் உதவாது. புதிதாகக் கண்டவரிடம் ஊரையும் உறவையும் கூச்சமின்றி வினவும் நம் ஊரவர் இதனையும் அவரிடமே வினவலாம். அவர் கூறும் சொல் நாம் சென்ற கிழமை கற்ற சொல்லாக இராதிருக்கலாம்.