வந்தியின் பங்கு மட்டும்



கமுந்திங் தொழிற்பேட்டையில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் என் அம்மாவுக்குப் பத்தொன்பது வருட வேலை. பேக்கிங் பகுதி. போன செமஸ்டர் விடுமுறையில் நான் தொழிற்பயிற்சிக்குப் போனது வேறொரு தொழிற்சாலை. அங்கேயும் கையுறைதான். பீங்கான் கை அச்சுகள் வரிசையாக ரப்பர் பாலில் முங்கி எழுந்து, அடுப்பைக் கடந்து வந்துகொண்டே இருக்கும். தரச் சோதனையில் மாதிரிக் கையுறை ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவோம். ஒரு சொட்டு கசிந்தாலும் அது ஓட்டை.

ஒருநாள் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றிலிருந்து புகார் வந்தது. பெட்டியிலிருந்த லாட் எண்ணைக் கணினியில் தட்டினார்கள். எந்த லைன், எந்த ஷிப்ட், யார் பேக் பண்ணியது, எல்லாம் கால் மணி நேரத்தில் திரையில் வந்துவிட்டது. அந்த அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பொறியியல் மாணவனாக எனக்கு முதலில் வியப்புதான், எவ்வளவு துல்லியம் என்று! அப்புறம் அதே பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர், சின்னம், தரச் சான்று எல்லாம் இருக்கிறது. செய்தவர் பெயர் எங்கேயும் இல்லை.

அன்று இரவு எனக்குப் பிட்டுக்கு மண் சுமந்த கதை ஞாபகம் வந்தது. வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஒருவர் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணை. பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிச் சாப்பிட்டு, வேலை செய்யாமல் ஆடிப் பாடித் தூங்கிவிட்டார். மன்னன் பிரம்பால் அடித்தான். அந்த அடி மன்னன் மேலும், உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் மேலும் விழுந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஊரே திரண்டு கரையை அடைத்தது. அடைத்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? அடைபடாத பங்கு யாருடையது என்பது மட்டும் பாண்டியனின் ஆட்களுக்கு உடனே தெரிந்தது. லாட் எண்ணும் இதே வேலையைத்தான் செய்கிறது. கணக்கில் எல்லார் பெயரும் இருக்கிறது. குறை வரும்போது மட்டும் வாசிக்கிறார்கள்.

இதை வெள்ளிக்கிழமை சமய வகுப்பில் சொன்னேன். ஒரு தம்பி கையைத் தூக்கினான். “அண்ணா, பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய் என்று கண்ணன் சொல்லியிருக்காரே. அப்புறம் பேர் எதுக்கு?” நல்ல கேள்வி. முதலாளிகளுக்கும் மிகவும் பிடித்த கேள்வியாக இருக்கும்! கண்ணன் அதைச் சொன்னது வேலை செய்ய வேண்டிய அர்ச்சுனனிடம். பலனை வாங்கிக்கொள்பவர் அதை எடுத்துத் தொழிலாளியிடம் நீட்டக் கூடாது. வாங்குபவருக்கு மூன்றாம் அத்தியாயத்தில் வேறு பேச்சு இருக்கிறது. பெற்றதைத் திருப்பிக் கொடுக்காமல் தானே அனுபவிப்பவனுக்குக் கண்ணன் வைக்கும் பெயர் கள்வன்.

அரசர்கள் எல்லாருமே பெயரை மறைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. நாவிதர் பெயர்கூட இருக்கிறது. ஆடல் பெண்கள் 400 பேர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறான் ராஜராஜன். கல்லில், உளியால்! நமக்கு ஒரு பிரிண்டர் போதும்.

நம் ஊர்ப் பக்கம் வாருங்கள். நாட்டின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை திறந்தது. சிலோனிலிருந்து வரவழைத்த பயனியர் படை ஆட்கள் போட்ட பாதை அது. ஊருக்குப் பெயர் வைத்தது ஆளுநர் வெல்டின் பெயரை. பின்னால் அந்த ஊர் கோலா செபெத்தாங் ஆகி, ஆளுநர் பெயரும் போய்விட்டது. அது வேறு கதை.

அம்மாவிடம் கேட்டேன், பெட்டியில் உங்கள் பெயர் போட்டால் எப்படி இருக்கும் என்று. “பேரு போட்டா சம்பளம் ஏறுமாடா?” என்றார். நியாயம். சொக்கநாதரும் கூலியை முதலில் வாங்கிக்கொண்டுதான் கூடையைத் தொட்டார். 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்புச் சந்தேகத்தில், டாப் கிளவ் நிறுவனத்தின் இரண்டு துணை நிறுவனங்களின் கையுறைகளுக்குத் தடை போட்டது. வேலைக்கு வர முகவர்களுக்குக் கட்டிய பணத்தை நிறுவனம் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. பெயரைப் போட்டுவிட்டுக் கூலியில் கை வைக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கூலி சரியாக இருக்கும் இடத்தில் பெயரும் வரட்டுமே. விவரம் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. விருப்பம் கேட்டு, சம்மதித்தவர் பெயரைப் போடலாம். நேப்பாளத் தம்பி ஒருவர் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். அம்மா கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையிலிருந்து கேட்டார்: “பேரு போட்டா, அப்பா பேரையும் சேர்த்துப் போடுவாங்களா?”

தொழிற்சாலையைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் தப்பு. நம் கோயில்களில் விசிறியின் மூன்று இறக்கையிலும் உபயதாரர் பெயர். பளிங்குக் கல்லில் திறந்து வைத்த டத்தோவின் பெயர். தமிழ்நாட்டிலிருந்து வந்து, வெயிலில் சாரத்தில் நின்று, விமானத்தில் சுதை வேலை செய்தவர்களின் பெயர்?

எங்கள் கோயிலில் அடுத்து வைக்கும் கல்லில் அவர்களையும் சேர்க்கும்படி நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். பொருளாளர் ஐயா “பார்க்கலாம் தம்பி” என்றார். பட்டியலை நான் எழுத ஆரம்பித்துவிட்டேன், இதுவரை பதினான்கு பேர். அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கும் அத்தைகளில் இரண்டு பேருடைய முழுப் பெயர் எனக்கே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கேட்க வேண்டும்.