அறியாமற் செய்யும் தீங்கும் அறிந்து செய்யும் தீங்கும்

எண்ணமே வினை என்பது புத்த பகவான் அருளிய கொள்கை. வழி நடப்பவன் காலடியில் அவனறியாது எறும்பு மடியின், அவன் கொலைஞனாகான். இதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு, "எந்தப் பறவையையும் நாம் கொல்ல எண்ணினோமில்லை; ஆதலின் காலநிலை மாறுதலால் அவற்றிற்கு நேரும் கேட்டில் நமக்குப் பங்கு யாது?" என வினவுவாருளர். தம்மத்தைத் தழுவிய நாம் இவ்வினாவைத் தள்ளிவிடலாகாது.

நிக்கோபார்த் தீவுகளில் மெகாபோட் என்னும் தரைப்பறவை ஒன்றுண்டு. அது முட்டைமேல் அமர்ந்து அடைகாப்பதில்லை. கடற்கரையை அடுத்து மணலும் சருகும் குவித்து மேடாக்கி, அதனுள் முட்டையிடும். சருகு மக்கி எழும் வெப்பமே குஞ்சு பொரிக்கச் செய்யும். 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை அம்மேடுகளை வாரிச் சென்றது. 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பத்தாண்டுகட்கு முன் கரையோரம் வாழ்ந்த இணைகளில் ஏறக்குறைய 30 விழுக்காடே எஞ்சியிருக்கக் கண்டனர்.

அவ்வலை நிலநடுக்கத்தால் வந்தது, மனிதர் எழுப்பியதன்று. ஆயின் கடல் மெல்ல மெல்ல உயர்வது அத்தகையதன்று. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. அண்மைப் பத்தாண்டுகளில் அதற்குத் தலையாய காரணம் மனிதர் செயலே என்று அறிஞர் தெளிந்துள்ளனர். ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேயரில், மரைன் ஹில் வீடுகளின் விளக்குகள் பெரும்பாலும் டீசலால் பெறும் மின்சாரத்திலேயே எரிகின்றன. அப்புகைக்கும் கரையோரத்து முட்டைக்கும் இடையே காரண காரியத் தொடர்ச்சி உண்டு. காரணமின்றிக் காரியமில்லை என்று கற்ற நாம் இதனை மறுத்தல் எங்ஙனம்?

இருளில் எறும்பை மிதித்தவன் குற்றமற்றவன். விளக்கின் ஒளியில் எறும்பின் வரிசையைக் கண்ட பின்னும் அதன்மேல் நடப்பவனோ? கொல்லும் எண்ணம் அவனுக்கில்லை; ஆயினும் "மடிந்தால் மடியட்டும்" என்னும் எண்ணம் உண்டு. அதுவும் எண்ணமேயன்றோ?

இதனால் பிள்ளை படிக்க ஏற்றும் விளக்கு பாவமென்று கூறினோமில்லை. ஏழையின் ஒற்றை விளக்கும் செல்வர் மாளிகையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத் தக்கனவல்ல. ஆளில்லா அறையில் எரியும் விளக்கும், தேவையின்றி ஓடும் வாகனமும், வீம்புக்கு வாங்கும் பொருளுமே நாம் ஆராயத் தக்கவை. உபோசத நாளில் பஞ்சசீலம் ஏற்கும் உபாசகர், கையால் கொல்லாமையோடு அமையாது, அம்மாதத்து மின்கட்டணச் சீட்டையும் எடுத்துப் பார்ப்பாராக. முதற்சீலத்தைக் காக்கும் இடங்களுள் இன்று அதுவும் ஒன்று.