எய்தவன் இருக்க…

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் முன்னோர் வாக்கு. கேட்டவுடன் ஆமென்று தலையசைக்கிறோம். ஆனால் எய்தவன் யார் என்று துணிவது அத்துணை எளிதோ? வில்லை வளைத்தவனா? அம்பைச் செய்து கொடுத்தவனா? அன்றி, வீட்டில் அமர்ந்தபடியே வேட்டைப் பொருளுக்கு விலை சொன்னவனா? இதனைச் சற்று ஆராய்வோம்.

தணிகை மலையடிவாரத்துக்கு அப்பால், அறுவடை முடிந்த வயல்களில் இருளர் குடும்பங்கள் வரப்பைத் தோண்டிக் கொண்டிருக்கக் காணலாம். 1960 ஏப்ரல் முதல் நாளில் இவ்வூர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் யானாதி மக்களும் இதே தொழிலைச் செய்கின்றனர். இவ்வூரார் போற்றும் தலக்கதையின் வள்ளி வேடர்குலத்துப் பெண். கதையிலே வேடர்க்குக் கிட்டிய மதிப்பு, வரப்போரம் குந்தியிருக்கும் வேடர்க்குக் கிட்டவில்லை.

அவர்தம் கருவிகள் மிகச் சிலவே. ஒன்று, குட்டையான இரும்புக் கடப்பாரை. மற்றொன்று, மண்பானை. பானையின் அடியில் ஒரு துளையிடுவர். உள்ளே வைக்கோலைத் திணித்து நெருப்பிடுவர். பானையின் வாயை எலிவளையின் வாயோடு பொருத்தி, இடைவெளியை மண்ணால் பூசுவர். பிறகு அடித்துளையில் வாய் வைத்து ஊதுவர். வளையின் மற்ற வழிகளை முன்னமே அடைத்திருப்பதால், புகை உள்ளே நிறைந்து எலி மயங்கும். தோண்டி எடுத்தால் எலியும் கிடைக்கும். அது சேமித்த நெல்லும் கிடைக்கும். இரண்டும் அவர்க்கு உணவு. எந்த வளையில் உயிர் இருக்கிறது, எதில் இல்லை என்று மண்ணைக் கண்டே சொல்லும் அறிவை மூன்றாவது கருவி எனலாம்.

அந்தப் பானை எலியை மட்டும் வருத்துவதில்லை. ஊதுபவரின் உதட்டையும் கையையும் சுடுகிறது. கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கிறது. 2003-இல் உலக வங்கியின் பரிசுத்தொகை பெற்ற ஒரு தொண்டு நிறுவனம், கையால் சுழற்றிப் புகையூதும் உலோகக் கருவியை இப்பகுதி இருளர்க்குச் செய்து கொடுக்க முன்வந்தது. அதுவரை தலைமுறை தலைமுறையாக அவர் விழுங்கிய புகை யாருக்காக? தம் வயிற்றுக்காக என்போம். உண்மையே. ஆயினும் எலி தின்னாமல் மிஞ்சிய நெல் நம் உலையில் அன்றோ கொதித்தது!

ஆப்பிரிக்காவின் காலஹாரிப் பாலையில் சான் எனும் மக்கள் வாழ்கின்றனர். வெள்ளையர் அவர்க்குப் புஷ்மென் என்று பெயரிட்டனர். அவர்தம் அம்பு பல துண்டுகளால் ஆனது. தைத்தவுடன் நாணல் தண்டு கழன்று விழ, முனை உடலிலேயே தங்கும். ஒருவகை வண்டின் புழுவிலிருந்து எடுத்த நஞ்சை அதில் தடவுவர். கூர் நுனியிலன்று, அதற்குச் சற்றுப் பின்னே! தவறித் தம் கையில் கீறினாலும் உயிர் போகலாகாது என்னும் எச்சரிக்கை அது. நஞ்சு மெல்ல ஏறுமாதலால், அடிபட்ட மானைச் சில வேளை மறுநாளும் தடம் பற்றித் தொடர்வர். இவற்றினும் வியப்பானது அவர்களுள் ஒரு பிரிவினரின் வழக்கம். அவர்கள் அம்புகளை ஒருவர்க்கொருவர் கொடுத்து வாங்குவர். வீழ்ந்த மானின் இறைச்சியைப் பங்கிடும் உரிமையும் பொறுப்பும் எய்தவனுக்கில்லை, அம்புக்கு உரியவருக்கே! அவர் வேட்டைக்கே வராத முதியவராகவும் இருக்கலாம்.

நம் ஃபிக்ஹுக் கலையிலும் இதற்கு ஒத்த நுட்பமொன்று உண்டு. திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணிகளைப் பற்றிப் பேசுகிறது. நாயை ஏவுபவர் ஏவும்போதே இறைவன் பெயரைக் கூறுகிறார். ஏவப்பட்டு ஓடிய நாய் பிடித்தது, ஏவியவரின் வேட்டை. ஏவாமல் தானே ஓடிக் கொன்றது அவ்வாறு ஆகாது. பாய்ந்தது நாயானாலும், செயல் ஏவியவரின் கணக்கில் எழுதப்படுகிறது. மனிதன் ஏவப்படும் பிராணியல்லன். தன் செயலுக்குத் தானே பதில் சொல்ல வேண்டியவன். எனினும், ஏவியவரின் பொறுப்பு அதனால் கழிந்துவிடுமா?

இருளரின் அதே கடப்பாரை ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகப் பல்லாயிரக்கணக்கான பாம்புகளைத் தேடியது. அத்தோல் கைப்பையாகவும் காலணியாகவும் தொலைநாடுகளில் விலைபோயிற்று. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. தடை நன்றே. ஆனால் பட்டினி யார் வீட்டுக்கு வந்தது? பை அணிந்தவர் வேறு பை வாங்கிக் கொண்டார். பாம்பு பிடித்தவர் பிழைப்பிழந்து நின்றார். அம்பை நொந்தோம், எய்தவரை மறந்தோம். தோல் வாணிபத்தில் பெயர்பெற்ற ஆம்பூரும் வாணியம்பாடியும் நம்மவர் ஊர்களே. இக்கேள்வி நமக்கு அயலானதன்று.

பின்னர் நிகழ்ந்ததையும் எண்ண வேண்டும். 1978-இல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், ரோமுலஸ் விட்டேக்கர் என்பாரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை உயிரோடு பிடித்து, சில வாரம் வைத்து நஞ்செடுத்து, அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. இக்கலையில் வல்ல மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை மலைப்பாம்பு பிடிக்கச் சென்றனர். 2023-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றனர்.

கடப்பாரை மாறவில்லை. கையும் மாறவில்லை; தடம் காணும் கண்ணும் மாறவில்லை. கேட்டவர் மாறினர், கேட்ட பொருள் மாறியது. உயிர் பறித்த கருவி உயிர் காக்கும் கருவியாயிற்று!

விலை கொடுத்துவிட்டோம், கணக்குத் தீர்ந்தது என்று நாம் கடையை விட்டு வெளியேறுகிறோம். தீரவில்லை. ஒரு பொருளை விரும்பி விலை கேட்கும்போதே, நாம் காணாத ஒரு கையை ஏவிவிடுகிறோம். அந்தக் கை சூளையில் வேகிறதா, கடனுக்குக் கட்டுண்டு கிடக்கிறதா, எந்த உயிரை வதைக்கிறது என்று கேட்பதில்லை. வேட்டைக்கு நாயை ஏவுபவருக்கு மார்க்கம் கற்பித்த ஒழுங்கு, கடைத்தெருவில் நிற்கும் நமக்கும் ஓர் உரைகல் ஆகட்டும்: பிஸ்மில்லாஹ் என்று நாவாரச் சொல்லி ஏவத்தக்கதுதானா இந்த விருப்பம்? நா தயங்குமாயின் கையையும் மடக்கிக் கொள்வோம்.

நாம் தொடாத அம்புகளுக்கும் நம்மிடம் கேள்வி உண்டு என்னும் அச்சத்தை வல்ல இறைவன் நம் நெஞ்சில் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.