சிப்பாய்க்கு நாடு பட்ட கடன்

புதுச்சேரியில் 'சொல்தா' என்றால் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றுப் பென்ஷன் வாங்குபவர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1962இல் இந்தப் பகுதி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் போர் பார்த்துத் திரும்பிய அவர்கள் ஊரில் மறுபடி காலூன்ற, தவறாமல் வந்த அந்தப் பென்ஷன் பணமே துணை நின்றது. ஆப்பிரிக்கச் சிப்பாய்களிடம் அதே பிரான்ஸ் வேறு விதமாக நடந்துகொண்டது. விடுதலை பெற்ற முன்னாள் காலனி நாடுகளின் குடிமக்களுக்குரிய பென்ஷனை 1959இல் வந்த சட்டமும் அதைத் தொடர்ந்தவையும் உயராமல் முடக்கிவைத்தன. ஒரே சீருடையில் ஒரே போரில் நின்ற இருவரில் ஒருவருடைய பென்ஷன் விலைவாசியோடு ஏறியது. மற்றவருடையது நின்ற இடத்திலேயே நின்றது.

செனகலைச் சேர்ந்த 743 முன்னாள் படைவீரர்கள் இதை ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் கொண்டுபோனார்கள். பென்ஷனுக்கு அடிப்படை குடியுரிமை அல்ல, செய்த பணிதான் என்று 1989இல் குழு முடிவு சொன்னது. ஏழை நாட்டில் செலவு குறைவு, அதனால் குறைத்துக் கொடுத்தால் போதும் என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை. எடுபடக் கூடாததுதான்: குண்டு பாயும்போது செனகல்காரரின் உயிருக்குத் தனி விலை வைக்காதவர்கள் பென்ஷன் கணக்கில் மட்டும் எப்படி வைக்கலாம்? இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வியட்நாம் மக்களை அடக்கப் போன படைக்கு எதற்கு நன்றிக்கடன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் போர் அநியாயமானது. அதில் கொடுமை செய்தவர் எவரானாலும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் முடக்கிய பணம் வியட்நாமில் வீடிழந்தவர் கைக்குப் போகவில்லை. போருக்கு ஆணையிட்ட அரசின் கஜானாவிலேயே தங்கியது. அனுப்பிய அரசு லாபம் பார்க்க, அனுப்பப்பட்டவன் மட்டும் தண்டனை அனுபவிப்பது நீதி ஆகாது. இந்தப் பாகுபாடு அரசியலமைப்புக்கு முரணானது என்று பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் சொல்ல 2010 மே வரை ஆயிற்று.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. புதுச்சேரிக் காவலர் வேலைக்கான உடல்தகுதித் தேர்வு நடக்கும் கோரிமேடு மைதானத்தில் ஓடியும் தாண்டியும் மூச்சு வாங்குகிற பையன்களின் வயதில்தான் அக்னிவீரர்களும் இந்தியப் படையில் சேர்கிறார்கள். அவர்களை நான்கு ஆண்டுக்கு மட்டும் எடுக்கும் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டது. அந்தக் காலம் முடிந்தபின் 25 சதவீதம் பேர் வரை படையில் தொடரலாம். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி கிடைக்கும். அதில் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்ததுதான். பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் அதோடு வரும் மருத்துவ வசதியும் கிடையாது. தெரிந்துதானே கையெழுத்துப் போட்டார்கள் என்பது வலுவான வாதம்போலத் தோன்றும். வேலை கிடைக்காத பதினெட்டு வயதுக்காரனின் கையெழுத்து சம்பளத்தை வரையறுக்கலாம். பனிமலைக் காவலில் கெட்ட நுரையீரலோ, இரவில் வராத தூக்கமோ பத்து வருஷம் கழித்து வெளிப்பட்டால் அதற்கு யார் பொறுப்பு என்பதை அது தீர்த்துவிடாது.

செலவு பற்றிய கவலை உண்மையானது. 2025-26இல் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கிய சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாயில் ஏறக்குறைய 1.61 லட்சம் கோடி பென்ஷனுக்கே போனது. ஆகவே நான்கு ஆண்டு பணிக்கு முழுப் பென்ஷன் கேட்பது சரியாகாது என்பதை ஏற்கலாம். ஆனால் மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 2022இல் அறிவிக்கப்பட்ட பத்து சதவீத இட ஒதுக்கீடு போன்றவை போட்டிக்கான வாய்ப்பே தவிர, வேலைக்கான உறுதி அல்ல. பணியால் வந்த நோய்க்கு ஆயுள் முழுக்கச் சிகிச்சை, வெளியேறும் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் உறுதி செய்த ஒரு வேலை: இவ்விரண்டையும் முதல் அணி வெளியேறும் முன்பே சட்டமாக்கிவிட வேண்டும். செனகல் சிப்பாய்கள் ஐ.நா. முடிவுக்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அதற்குள் பலர் இறந்தே போனார்கள்.