தோற்கத் தயாரா?

உங்களிடம் ஒரு கூடைப்பந்து அணி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயப்படாதீங்க, கம்ப்யூட்டரில்தான்!

2007-ல் வந்த ‘பஸ்ஸர்பீட்டர்’ என்கிற இன்டர்நெட் விளையாட்டு அது. நீங்கள் பந்தைத் தொடவே வேண்டாம். நீங்கள் மானேஜர். ஆளை வாங்குவது, விற்பது, சம்பளம் கொடுப்பது, யாரை எந்த இடத்தில் இறக்குவது என்று முடிவு செய்வது... இதெல்லாம் உங்கள் பொறுப்பு. மேட்ச்சைக் கம்ப்யூட்டரே ஆடிவிடும்.

கேட்பதற்கு சுலபமாக இருக்கிறதா? பயிற்சி என்கிற பக்கத்துக்கு வாருங்கள். தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

வாரத்துக்கு ஒரே ஒரு பயிற்சிதான். தூரத்திலிருந்து பந்தெறிவதா, பாஸ் கொடுப்பதா, எதிராளியை மறிப்பதா, ரீபவுண்ட் பிடிப்பதா? ஏதாவது ஒன்று. அதுவும் டீமில் எல்லோருக்கும் கிடைக்காது. எந்த இடத்து ஆட்டக்காரருக்கு என்று முடிவு செய்கிறீர்களோ, அந்த வாரம் அந்த இடத்தில் நின்று மேட்ச் ஆடியவனுக்கு மட்டும். 48 நிமிடம் ஆடினால்தான் முழுப் பலன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் கையில் ஒரு பதினெட்டு வயதுப் பையன் கிடைக்கிறான். நல்ல உயரம். சின்ன வயசு என்பதால் சீக்கிரம் கற்றுக்கொள்வான். உயரமானவனுக்குக் கூடைக்குக் கீழே நின்று செய்கிற வேலைகள் சட்டென்று வரும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதும் பாஸ் கொடுப்பதும் மெதுவாகத்தான் வரும். வருவதையே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால், உயரமும் இருந்து பந்தைக் கையாளவும் தெரிந்த ஒருத்தன் இருந்தால், அவன் தங்கம்!

தங்கத்துக்கு விலை உண்டு. பந்தைக் கையாளப் பழக்க வேண்டும் என்றால், அந்தப் பையனை ‘கார்டு’ இடத்தில் இறக்க வேண்டும். அதாவது, ஆட்டத்தை நடத்திச் செல்கிற இடம். இன்றைய தேதியில் அவன் அதற்குக் கொஞ்சமும் லாயக்கில்லை. பந்தைப் பறிகொடுப்பான். டீம் தோற்கும். ஒரு வாரம் இல்லை, பல வாரம். கெட்டிக்கார மானேஜர்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் நஷ்டமில்லாத நட்பு ஆட்டங்களில் அவனை இறக்கிப் பழக்குவார்கள். ஆனால், அது மட்டும் போதாது. என்றைக்காவது நிஜமான மேட்ச்சிலும் இறக்கித்தான் ஆக வேண்டும்.

பி.காம். படித்தபோது ‘வாய்ப்புச் செலவு’ என்று ஒரு பாடம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடுகிற இன்னொன்றின் மதிப்புதான் நீங்கள் கொடுக்கிற உண்மையான விலை. புத்தகம் அதோடு நிறுத்திக்கொண்டது. அந்த விலையை யார் தலையில் கட்டுகிறோம் என்கிற கேள்வியை அது கேட்கவில்லை. நாம் கேட்போம்.

நிஜக் கூடைப்பந்தில் ஓர் உதாரணம். அமெரிக்காவின் மில்வாக்கி பக்ஸ் அணி, 2013-ல் கிரீஸிலிருந்து யான்னிஸ் அன்டெட்டோகூன்ம்போ என்ற பதினெட்டு வயதுப் பையனைத் தேர்ந்தெடுத்தது. ஆறடி பதினோரு அங்குல உயரம் வளர்ந்தவர். அப்படிப்பட்டவரை வழக்கமாகக் கூடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆனால், 2016 பிப்ரவரியில் கோச் ஜேசன் கிட் வேறு மாதிரி யோசித்தார். பந்தை அவர் கையில் கொடுத்து, “நீயே ஆட்டத்தை நடத்து” என்கிற பாணியில் இறக்கிவிட்டார். கிட் தன் காலத்தில் பெரிய பாயின்ட் கார்டாக இருந்தவர். அந்த வேலையின் கஷ்டம் தெரிந்தவர்.

அந்த சீஸனில் பக்ஸ் 33 ஜெயித்து, 49 தோற்றது. அந்தத் தோல்விக்கு இந்தச் சோதனைதான் காரணம் என்று சொல்ல முடியாது. சீஸன் ஏற்கெனவே கைநழுவிக்கொண்டிருந்தது. இழப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லாதபோது துணிவது கொஞ்சம் சுலபம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த சீஸனில் பாயின்ட்ஸ், ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் ஐந்திலும் டீமில் முதலிடம் யான்னிஸுக்கு. 2019, 2020 இரண்டு வருடமும் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2021-ல் பக்ஸ் சாம்பியன். கடைசி ஆட்டத்தில் அவர் மட்டும் 50 பாயின்ட்!

அந்தக் கோப்பையை வாங்கும்போது ஜேசன் கிட் அங்கே இல்லை. 2018 ஜனவரியில், சீஸன் பாதியிலேயே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அவரை அனுப்பியது சரியா, தப்பா என்பது வேறு பஞ்சாயத்து. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: விதைத்த கைக்கு அறுவடை கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. கம்ப்யூட்டர் விளையாட்டு இந்த விஷயத்தில் ரொம்ப நல்லது. பயிற்சி கொடுத்த ஆளை நல்ல விலைக்கு விற்றுவிடலாம். போட்ட முதல் திரும்பும். நிஜ வாழ்க்கையில் வளர்ந்த ஆள் நடந்து போய்விடுவான். அல்லது உங்களையே அனுப்பிவிடுவார்கள்.

சரி, விற்பதற்காகவே பயிற்சி கொடுக்கிற மானேஜர் கெட்டவரா? நான் அப்படி நினைக்கவில்லை. நோக்கம் எதுவானாலும், பையனுக்கு வந்த திறமை வந்ததுதானே! நோக்கத்தை விடுங்கள், நஷ்டக் கணக்கைப் பாருங்கள் என்பதுதான் என் கட்சி. “நான்தான் அவனை ஆளாக்கினேன்” என்று மார்தட்டுகிற யாரையாவது சந்தித்தால், மனசுக்குள் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அவனுக்காக இவர் எந்த மேட்ச்சில் தோற்றார்? புது ஆளை முக்கியமான மீட்டிங்குக்கு அனுப்பி, அவன் சொதப்பியபோது, “நான்தான் அனுப்பினேன்” என்று சொன்ன மேலதிகாரி தோற்றிருக்கிறார். அவனுக்கு வந்ததையே வருஷக்கணக்கில் செய்யவைத்து வேலை வாங்கியவர் தோற்கவில்லை. அவர் பயிற்சி கொடுக்கவில்லை, பயன்படுத்திக்கொண்டார்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தோல்வி மானேஜருக்கு மட்டும் சொந்தமில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த ரசிகனும் தோற்கிறான். கூட ஆடுகிறவர்களும் தோற்கிறார்கள். எல்லோரையும்விட அதிகம் கொடுப்பவன், அந்தப் பையனுக்காக இடம் விட்டு பெஞ்சுக்குப் போன வழக்கமான கார்டுதான். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. அடுத்தவன் பாக்கெட்டிலிருந்து எடுத்து தர்மம் செய்வது ரொம்ப சுலபம். ஆகவே, தோற்கத் துணிந்தால் மட்டும் போதாது. யாரெல்லாம் சேர்ந்து தோற்கப் போகிறார்களோ, அவர்கள் முகத்தைப் பார்த்து, ‘இதற்காகத்தான்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இன்னொருத்தரிடமும் கேட்க வேண்டும். யாரிடம்? அந்தப் பையனிடம்தான். ஸ்க்ரீனில் இருக்கிற பையன் வெறும் நம்பர்கள். எதைப் பழக்கினாலும் முகம் சுளிக்க மாட்டான். அவனால் எவ்வளவு தூரம் வளர முடியும் என்பதுகூட அவன் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். நம் வீட்டிலும் ஆபீஸிலும் இருக்கிறவர்கள் நெற்றியில் அப்படி எதுவும் எழுதியில்லை. ஆனால், எழுதியிருப்பதைப் படித்துவிட்ட மாதிரியே பேசுகிறோம். “இவனுக்குக் கணக்கு வராதுங்க.” “அந்தப் பொண்ணு ஃபீல்டுக்கெல்லாம் சரிப்படாது.” எத்தனை மேட்ச் இறக்கிப் பார்த்தீர்கள்?

இந்த வாரம் உங்கள் பொறுப்பில் இருக்கிற ஒருவருக்கு எதைக் கற்றுக்கொடுக்கலாம் என்று யோசிப்பவராக இருந்தால், அவருக்கு எது வரும் என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அவர் சொதப்புகிற நாட்களில் உங்களால் எவ்வளவு தாங்க முடியும் என்றும் பாருங்கள். பல நேரங்களில் அவருடைய எல்லை என்று நாம் சொல்வது, நம்முடைய பொறுமையின் எல்லைதான்.